ஒரு சுற்று முடிந்தது என்று விளையாட்டுக்கு எப்படித் தெரியும்?

நின்டென்டோ நிறுவனம் 2008-இல் வெளியிட்ட ‘மரியோ கார்ட் வீ’ கார் பந்தய விளையாட்டில் இருந்த தடங்கள் 32. ரசிகர்கள் தாங்களே உருவாக்கி இலவசமாக வெளியிட்ட தடங்களோ ஆயிரத்துக்கும் மேல். ‘சிடிஜிபி ரெவல்யூஷன்’ என்ற ஒரு தொகுப்பில் மட்டும் அவற்றில் 200-க்கு மேல் இருக்கின்றன. தடம் செய்வதற்கென்று நிறுவனம் எந்தக் கருவியும் தரவில்லை. கோப்புகளைப் பிரித்து, எந்த எண் எதைச் செய்கிறது என்று ரசிகர்கள்தான் பொறுமையாகக் கண்டுபிடித்தார்கள். அப்போது தெரியவந்த உண்மை இன்னும் என்னை வியக்க வைக்கிறது: திரையில் நாம் பார்க்கும் சாலையில் எந்த வண்டியும் ஓடுவதில்லை.

மலை, பாலம், தார்ச்சாலை எல்லாம் கண்ணுக்கான சித்திரம் மட்டுமே. சக்கரம் தொடுவது இன்னொரு சாலையை. நிறமே இல்லாத அது முழுக்க முக்கோணங்களால் ஆனது. ஒவ்வொரு முக்கோணத்துக்கும் ஓர் எண் உண்டு. அதன் ஐந்து பிட்டுகள் (0 அல்லது 1 என்ற இலக்கங்கள்) அந்த இடம் சாலையா, வேகத்தைக் குறைக்கும் புல்லா, சுவரா, உந்தித் தள்ளும் பலகையா என்று சொல்லும். ஐந்து பிட்டில் 32 வகை அடங்கும். இந்தச் சாலையைப் போட மறந்தால், கண்ணெதிரே பாலம் இருக்க, வண்டி அதற்குள் புகுந்து கீழே விழுந்துவிடும்.

முக்கோணங்களோ ஆயிரக்கணக்கில் இருக்கும். நொடிக்கு 60 முறை, சக்கரத்துக்குக் கீழே இருப்பது எது என்று தேட வேண்டும். எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தால் ஆட்டம் நின்றுவிடும். அதனால் தடம் இருக்கும் வெளியை எட்டுப் பெட்டிகளாகவும், தேவைப்பட்ட பெட்டியை மீண்டும் எட்டாகவும் பிரித்துக்கொண்டே போகிறார்கள். வண்டி இருக்கும் சின்னஞ்சிறு பெட்டிக்குள் மட்டும் தேடினால் போதும்.

இதைவிட அழகானது சுற்றைக் கணக்கிடும் முறை. எல்லைக்கோட்டைத் தாண்டினால் ஒரு சுற்று என்று வைத்தால், பின்னால் போய் மீண்டும் தாண்டியே ஜெயித்துவிடலாம். எனவே தடம் செய்பவர் சாலைக்குக் குறுக்கே கண்ணுக்குத் தெரியாத கோடுகளை வரிசையாகப் போட்டுக்கொண்டே வருகிறார். ஒவ்வொரு கோட்டுக்கும் இரண்டு முனைகள், அவ்வளவுதான். உயரம் என்பதே கிடையாது. வானத்திலிருந்து பார்த்து வரைந்த வரைபடம் போன்றவை அவை.

அப்படியானால் மேலே பாலம், அடியில் சாலை என்று ஒன்றையொன்று குறுக்கிடும் இடத்தில் குழப்பம் வராதா? வராது. நீங்கள் இப்போது நிற்கும் பகுதிக்கு முன்னும் பின்னும் உள்ள கோடுகளை மட்டுமே விளையாட்டு கவனிக்கும். பாலத்தின் மேல் உள்ள கோடு, அடியில் போகிறவரின் கணக்கில் வராது.

கோடுகளில் சில ‘சாவிக் கோடுகள்’. அவற்றை ஒன்றுவிடாமல் வரிசையாகத் தாண்டியிருந்தால்தான் சுற்று கணக்கில் ஏறும். நீங்கள் முதலாமவரா, ஏழாமவரா என்பதும் கோடுகளை வைத்தே முடிவாகிறது. பள்ளத்தில் விழுந்தவரை மேகத்தில் வரும் லாகிட்டு என்ற பாத்திரம் எங்கே இறக்கிவிட வேண்டும் என்பதும் அந்தக் கோட்டிலேயே குறிக்கப்பட்டிருக்கும். சாவிக் கோடுகள் குறைந்தால் குறுக்குவழிக்காரர்கள் பாதித் தடத்தை விழுங்கிவிடுவார்கள். தவறான இடத்தில் நெருக்கிப் போட்டால் நேர்மையாக ஓட்டியவருக்கே சுற்று கிடைக்காமல் போகும். தடம் செய்பவரின் திறமையை நான் இங்கேதான் அளப்பேன், சித்திரத்தின் அழகு அதற்கு அப்புறம்தான். நின்டென்டோவே செய்த ‘கிரம்பிள் வால்கனோ’ தடத்தில்கூட, முழுதாகச் சுற்றாமலே சுற்றைப் பெறும் வழியை ஆட்டக்காரர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள்.

கணினி ஓட்டும் வண்டிகளுக்குத் தனி வழிப்புள்ளிகள், எதிராளியைத் துரத்தி வரும் சிவப்பு ஆமையோடு என்ற ஆயுதத்துக்கு வேறு வழிப்புள்ளிகள் என்று இன்னும் சில அடுக்குகள் உண்டு. எல்லாம் ஒன்றோடொன்று ஒத்துப்போன பிறகுதான் தடம் வெளியாகிறது.

வெளியானதும் பலர் ஓட்டிப் பார்ப்பார்கள், ஓட்டை ஏதாவது அகப்படும். அதை அடைத்து அடுத்த பதிப்பு வரும். 2014 மே மாதம் நின்டென்டோ தன் இணையச் சேவையை மூடிய பிறகு ரசிகர்களே நடத்தும் சர்வர்களில் 12 பேர் சேர்ந்து ஓட்டுகிறார்கள். அந்த 12 பேரிடமும் ஒரே பதிப்பு இருந்தாக வேண்டும். ரசிகர்களின் சாதனைப் பட்டியல்கள் ஒரு தடத்தை அடையாளம் காண்பது பெயரைக் கொண்டு அல்ல, கோப்பின் உள்ளடக்கம் முழுவதிலிருந்தும் கணக்கிட்டு எடுத்த ஓர் எண்ணைக் கொண்டு. ஒரே ஒரு முக்கோணத்தை நகர்த்தினாலும் அந்த எண் மாறிவிடும். அதன் பிறகு அது வேறொரு தடம்.