காகிதப் பேரரசுகள் - 6: வராத செய்திக்காகக் காத்திருந்தவர்கள்

லண்டன் ‘டைம்ஸ்’ 1785இல் பிறந்ததும், அதைத் தொடங்கிய ஜான் வால்டர் அரசாங்கத்திடம் ஆண்டுக்கு 300 பவுண்டு வாங்கிக்கொண்டே நியூகேட் சிறைக்கும் போய் வந்ததும் வாசகர்களுக்கு நினைவிருக்கும். இந்த வாரம் போலிக் கடிதங்களின் கதை என்று சொல்லியிருந்தேன். அதற்கு முன்னால் ஓர் இரவைச் சொல்லியே ஆக வேண்டும்.

1814 நவம்பர் 28. பிரிண்டிங் ஹவுஸ் ஸ்கொயரில் உள்ள ‘டைம்ஸ்’ அச்சுக்கூடத்தில் தொழிலாளர்கள் தயாராக நிற்கிறார்கள். “ஐரோப்பாவிலிருந்து முக்கியமான செய்தி வருகிறது, பொறுங்கள்” என்று நிர்வாகம் சொல்கிறது. அவர்களும் இரவெல்லாம் காத்திருக்கிறார்கள்.

பக்கத்துக் கட்டடத்தில் பிரீட்ரிக் கோனிக், ஆந்த்ரியாஸ் பவர் என்ற இரு ஜெர்மானியர்கள் ரகசியமாக நிறுவிய நீராவி அச்சு இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கிறது. கை இயந்திரத்தில் உடம்பு நோக இழுத்தாலும் மணிக்குச் சுமார் 250 தாள்தான். இது 1,100 தாள் அடித்தது! காலை ஆறு மணிக்கு நிறுவனரின் மகன் இரண்டாம் ஜான் வால்டர் வந்து, பத்திரிகை நீராவியில் அச்சாகி முடிந்துவிட்டது என்றார். கலகம் செய்தால் அடக்க ஆட்கள் தயார். அமைதியாக இருந்தால் வேறு வேலை கிடைக்கும்வரை கூலி உண்டு என்றார். பின்னல் இயந்திரங்களை உடைத்தால் தூக்கு என்று பிரிட்டன் சட்டம் போட்டு இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்தன.

லண்டனில் இருந்த தொழில் பங்காளி ஒருவரோடு பிணக்காகி கோனிக் ஜெர்மனிக்கே திரும்பினார். 1817இல் வூர்ட்ஸ்பர்க் அருகே கைவிடப்பட்ட மடாலயம் ஒன்றில் பவருடன் தொழிற்சாலை தொடங்கினார். அந்த நிறுவனம் இன்றும் இருக்கிறது. பணத்தாள் அச்சிடும் இயந்திரங்கள்கூடச் செய்கிறது.

வேகம் வந்ததும் விற்பனை ஏறியது, விளம்பரம் குவிந்தது. அரசை அண்டி நிற்கும் தேவை இல்லாமல் போனது. 1966 மே மாதம்வரை ‘டைம்ஸ்’ முதல் பக்கம் முழுக்க விளம்பரம்தான். நம் ‘தி இந்து’வும் 1958 வரை அப்படித்தான் வந்தது. அந்த வருமானம் தந்த துணிச்சலில்தான் ‘டைம்ஸ்’ நிருபர் வில்லியம் ஹோவர்ட் ரஸல் கிரிமியப் போர்முனையிலிருந்து ராணுவத்தின் அலங்கோலத்தை எழுதினார். 1855இல் பிரதமர் அபர்தீனின் அமைச்சரவை கவிழ்ந்ததில் அந்தச் செய்திகளுக்குப் பெரும் பங்குண்டு.

ஆனால் அந்தச் சுதந்திரத்துக்கு அடித்தளமிட்ட இரவில், உண்மையை விற்கும் பத்திரிகை தன் சொந்தத் தொழிலாளர்களிடம் பொய்ச் செய்தி சொன்னது. இரண்டையும் சேர்த்தே எழுத வேண்டும். சாதனைகளை ஒரு பக்கமும் சர்ச்சைகளை இன்னொரு பக்கமும் பிரித்துப்போடும் வரலாற்றில் எனக்கு நம்பிக்கையில்லை.

அடுத்த வாரம் 1887க்குப் போவோம். ஐரிஷ் தலைவர் பார்னெல் கொலையை ஆதரித்து எழுதியதாக ஒரு கடிதத்தை ‘டைம்ஸ்’ வெளியிட்டது. உண்மையில் அதை எழுதியவர் ரிச்சர்ட் பிகாட் என்ற மோசடிக்காரர். மேலே இருப்பவர்களைத் தட்டிக்கேட்ட பத்திரிகை, கையில் கிடைத்த காகிதத்தைத் தட்டிப் பார்க்கத் தவறியது எப்படி என்பதை அங்கே பார்க்கலாம்.

(தொடரும்)