வாகன வரியும் உள்ளாட்சிச் சாலைகளும்: வெம்பக்கோட்டையை முன்வைத்து ஓர் ஆய்வு

முன்னுரை

விருதுநகர் மாவட்டத்தின் வெம்பக்கோட்டை வட்டம், சிவகாசியை அடுத்துப் பட்டாசு ஆலைகள் மிகுந்த பகுதியாகும். ஆலைகளுக்கான மூலப்பொருள்களும் அங்கு உருவாகும் பட்டாசுகளும் சரக்கு வாகனங்களில் செல்கின்றன. அவ்வாகனங்களின் வரி மாநில அரசைச் சேர்கிறது. அவை கடக்கும் ஊராட்சிச் சாலைகளைப் பேணும் பொறுப்போ உள்ளாட்சிகளைச் சேர்கிறது. 2021-இல் மாநகராட்சியாகத் தரம் உயர்ந்த சிவகாசியின் நகரச் சாலைகளுக்கும் இது பொருந்தும். வாகன வரியில் உள்ளாட்சிகள் பங்கு கோருவதற்கான அடிப்படை எது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

சுங்கத்திலிருந்து வாகன வரிக்கு

சென்னை மாகாணத்தில் உள்ளாட்சி அமைப்புகள் தம் சாலைகளில் சுங்கம் வசூலித்து வந்தன. 1931-ஆம் ஆண்டு மோட்டார் வாகன வரிச் சட்டம் அச்சுங்கத்தை நீக்கி, வரி விதிக்கும் அதிகாரத்தை மாகாண அரசுக்கு அளித்தது. வருவாய் இழந்த உள்ளாட்சிகளுக்கு ஈட்டுத்தொகை வழங்கவும் வழிசெய்தது. ஆகவே உள்ளாட்சிகளின் கோரிக்கை சலுகை வேண்டுவதன்று. இழந்த வருவாய்க்கு ஈடு கேட்பதாகும்.

அரசமைப்பு நிலை

அரசமைப்பின் ஏழாம் அட்டவணையில், மாநிலப் பட்டியலின் 57-ஆம் பதிவு வாகன வரியை மாநிலத்திற்கு உரியதாக்குகிறது. தமிழ்நாட்டில் 1974-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அவ்வரி விதிக்கப்படுகிறது. ஊராட்சிகளுக்கான 243-எச் பிரிவும் நகராட்சிகளுக்கான 243-எக்ஸ் பிரிவும் மாநில வரிகளை அவற்றுக்கு ஒதுக்கச் சட்டமன்றத்தை அனுமதிக்கின்றனவேயன்றிக் கட்டாயப்படுத்தவில்லை.

வணிகச் சுதந்திரம் பற்றிய ஆட்டோமொபைல் டிரான்ஸ்போர்ட் வழக்கில் (1962), வாகன வரியைச் சாலை வசதிக்கு ஈடான வரியாக உச்ச நீதிமன்றம் கருதியது. ஜிண்டால் வழக்கில் (2016) ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு, பெரும்பான்மைத் தீர்ப்பால் அந்த ஈட்டு வரிக் கோட்பாட்டைக் கைவிட்டது. சாலையின் பெயரால் பெற்ற வரி சாலைக்கே உரியது என்னும் வாதம் இதனால் தன் வலுவான துணையை இழந்தது.

பகிர்வின் அளவுகோல்

எஞ்சியிருப்பது மாநில நிதி ஆணையத்தின் வழியாகும். ஐந்தாவது ஆணையம் மாநிலத்தின் சொந்த வரி வருவாயில் 10 விழுக்காட்டை உள்ளாட்சிகளுக்குப் பகிரப் பரிந்துரைத்தது. வாகன வரியும் இப்பொதுத் தொகுப்பில் கலந்துவிடுகிறது. பகிர்வில் மக்கள்தொகையே முதன்மை அளவுகோலாதலால், குறைந்த மக்களும் மிகுந்த சரக்குப் போக்குவரத்தும் கொண்ட ஊராட்சியின் சாலைச் சுமை கணக்கில் இடம்பெறுவதில்லை.

முடிவுரை

உள்ளாட்சிகளின் கோரிக்கைக்கு வரலாற்று நியாயம் உண்டு. ஆயின் அதனை நீதிமன்றத்தில் நிலைநாட்டுதல் கடினம். சரக்குப் போக்குவரத்தின் அளவையும் சாலை நீளத்தையும் பகிர்வு அளவுகோல்களில் சேர்க்குமாறு நிதி ஆணையத்திடம் தரவுகளுடன் முறையிடுதலே பயனுள்ள வழியாகும்.