பார்த்தவர் யார்?

தகவல் பாதுகாப்புத் துறையில் பணிபுரிகிறோம் என்றால், வெளியிலிருந்து ஊடுருவ முயல்வோரை இரவு பகலாக விரட்டுவதே எங்கள் வேலை எனப் பலரும் எண்ணுகின்றனர். அந்த வேலையும் உண்டு. எங்கள் கண்காணிப்பு மையம் மூன்று ஷிப்டுகளில் இயங்குகிறது. அதற்கு ஞாயிறும் இல்லை, தீபாவளியும் இல்லை. ஆயினும் எங்கள் நேரத்தில் கணிசமான பகுதி வேறொரு கேள்வியில் கழிகிறது. வங்கிக்குள் இருப்பவர்களில் யார், எவருடைய கணக்கை, எதற்காகப் பார்த்தார் என்பதே அக்கேள்வி.

பேரேடுகள் இருந்த காலத்தில் இக்கேள்விக்கு இடமே குறைவு. ஒருவருடைய கணக்கு அவருடைய கிளையின் தடித்த புத்தகம் ஒன்றில் இருந்தது. அதைப் புரட்ட அந்தக் கிளைக்குள் இருந்தாக வேண்டும். கோர் பேங்கிங் வந்தபின், மதுரையில் கணக்கு வைத்திருப்பவர் குவஹாத்தியில் பணம் எடுக்கிறார். அதே வசதியால், குவஹாத்தியில் கணினி முன் அமர்ந்திருக்கும் ஊழியர் மதுரைக்காரரின் இருப்பையும் கடனையும் காண இயலும். வசதியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைத் தள்ளிவிட வழியில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு வாடிக்கையாளரிடமிருந்து கடிதம் வந்தது. அவருக்குத் திருமணம் நிச்சயமாகியிருந்தது. தந்தையின் மருத்துவச் செலவுக்காக அவர் எங்களிடம் தனிநபர் கடன் பெற்றிருந்தார். தந்தைக்கே அது தெரியாது. பெண் வீட்டார் ஒருநாள் கடன் தொகையை ஆயிரம் ரூபாய்கூடப் பிசகாமல் சொல்லி, சம்பந்தத்தை முறித்துக்கொண்டனர். “என் கணக்கில் ஒரு பைசாவும் குறையவில்லை. ஆனால் இது வெளியே போனது எப்படி?” என்று அவர் கேட்டிருந்தார்.

விடை காண எங்களுக்கு அரைநாள்கூடத் தேவைப்படவில்லை. ஒவ்வொரு பார்வையும் பணியாளர் எண், கிளை, நாள், நேரம் ஆகியவற்றுடன் பதிவாகிறது. அவருக்குத் தொடர்பே இல்லாத, எழுநூறு கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஒரு கிளையிலிருந்து, ஒரே பணியாளர் இரண்டு வாரங்களில் மூன்று முறை அக்கணக்கைத் திறந்திருந்தார். மூன்று முறையும் எந்தப் பரிவர்த்தனையும் நடக்கவில்லை. விசாரித்தபோது அவர் மறுக்கவில்லை. மணமகளின் தாய்மாமன் கேட்டுக்கொண்டார், நல்ல குடும்பமா என்று பார்த்துச் சொன்னேன், பணத்தைத் தொடவில்லையே என்றார். தாம் தவறு செய்ததாகவே அவர் உணரவில்லை என்பதுதான் எங்களை உறுத்தியது.

அவர்மீது ஒழுங்கு நடவடிக்கை எடுப்பதில் எவருக்கும் ஐயமில்லை. வாடிக்கையாளருக்கு என்ன பதில் எழுதுவது என்பதில்தான் எங்களுக்குள் கருத்து வேறுபாடு எழுந்தது. ‘தங்கள் புகார் உரிய முறையில் ஆராயப்பட்டது’ என்று முடித்துவிடலாம் என்றனர் சிலர். அன்று அதைத் தடுக்கும் வெளிப்படையான விதியும் இல்லை. உண்மையைச் சொல்ல வேண்டும் என்று நாங்கள் பரிந்துரைத்தோம், மேலிடம் ஏற்றது. வங்கி ஊழியர் ஒருவரால் நேர்ந்தது என்று எழுதி, மன்னிப்பும் கோரினோம்.

இரகசியம் காப்பது வங்கிக்குப் புதிய கடமையன்று. வாடிக்கையாளரின் விவரங்களை வெளியிடலாகாது என்று, வங்கிகளைத் தேசியமயமாக்கிய 1970ஆம் ஆண்டுச் சட்டத்தின் 13ஆம் பிரிவு கூறுகிறது. பணியில் சேரும்போது நாங்கள் ஒவ்வொருவரும் அதற்கான உறுதிமொழியில் கையொப்பமிடுகிறோம். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தரவு மீறல் நேர்ந்தால் பாதிக்கப்பட்டவருக்கே தெரிவிக்க வேண்டும் என்கிறது. போதிய பாதுகாப்பு செய்யத் தவறினால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாகிப் படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. அன்று நாங்கள் வாதாடிப் பெற்றதை இனி வாதாட வேண்டியிராது.

அக்கடிதத்துக்குப்பின், வேறு கிளைக் கணக்கைத் திறக்கும் பணியாளர் காரணத்தைப் பதிந்தாக வேண்டும் என்று மென்பொருளை மாற்றினோம். கவுன்ட்டரில் வரிசை நீளும்போது இது தொல்லை என்று கிளைகளிலிருந்து வரும் முணுமுணுப்பு எங்களுக்குத் தெரியாததன்று. அதில் நியாயமும் உண்டு. எங்கள் துறையினரின் பார்வைகளும் பதிவாகின்றன. அவற்றை எங்களுக்குக் கட்டுப்படாத உள்தணிக்கையாளர் சரிபார்க்கிறார்.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். சம்பந்தம் பேசும்போது “பேங்க்கில் நமக்குத் தெரிந்தவர் இருக்கிறார், விசாரித்துவிடலாம்” என்ற பேச்சு எழுவது வழக்கம். அந்தத் தெரிந்தவரின் வேலையே போகக்கூடும். கடன் விவரம் அறிந்தே ஆக வேண்டுமெனில் உரியவரிடமே கேட்கலாம். கடன் தகவல் நிறுவனங்கள் ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையைக் கட்டணமின்றி அவரவர்க்கு வழங்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் ஆணை. அதைக் காட்டுவதும் காட்டாததும் அவர் விருப்பம்.

கடிதம் எழுதிய வாடிக்கையாளர் கணக்கை மூடிவிடுவார் என்றே எதிர்பார்த்தோம். மூடவில்லை. கடனை முடித்த அன்று, தம் கணக்கை அதன்பின் எவரேனும் பார்த்தார்களா என்று மட்டும் கேட்டு எழுதினார். பதிவை எடுத்துப் பார்த்தோம். அவருடைய கிளையினரைத் தவிர ஒருவரும் பார்க்கவில்லை என்று மறுநாளே பதில் அனுப்பினோம்.