வாரண்டி முடிஞ்சா எல்லாம் முடிஞ்சுதா?

போன செமஸ்டர் எக்ஸாம் சமயம். ஹாஸ்டல் மேசையில் போனை வைத்தால் பம்பரம் மாதிரி சுத்துது! பார்த்தால், பின்பக்கம் புடைச்சிருக்கு. ஸ்கிரீன் ஓரத்தில் நகம் நுழையுற அளவுக்கு இடைவெளி. வாங்கி 14 மாசம்தான் ஆச்சு. டவுனில் ஒரு சர்வீஸ் சென்டரில் காட்டினேன். "வாரண்டி முடிஞ்சிருச்சு தம்பி, 2,400 ரூபா ஆகும்" என்றார்கள். பேசாமல் திரும்பி வந்துட்டேன். அது தப்பு. ஏன்னு சொல்றேன்.

முதலில், பேட்டரி ஏன் வீங்குது? லித்தியம் அயனி செல்லுக்குள் இருக்கும் எலக்ட்ரோலைட் சிதைந்தால் வாயு உண்டாகும். போனில் இருப்பது மெல்லிய பை மாதிரியான உறை. வாயு வெளியேற வழியில்லாமல் அது உப்பும். அதிக சூடும், நாள் முழுக்க 100 சதவீத சார்ஜில் கிடப்பதும் இதை வேகமாக்கும். நம்ம பாண்டி வெயிலில் தலையணைக்கு அடியில் வைத்து ராத்திரி முழுக்க சார்ஜ் போடுறவங்க கவனிக்கணும். வீங்கிய பேட்டரியை அழுத்தக் கூடாது, குத்தக் கூடாது, சார்ஜ் போடவே கூடாது. உள்ளே ஷார்ட் ஆனால் தீப்பிடிக்கும்.

அடுத்து, தேய்மானம் வேறு, குறைபாடு வேறு. இரண்டு மூன்று வருஷத்தில் சார்ஜ் சீக்கிரம் இறங்குவது தேய்மானம். அதற்கு நம்ம காசுதான். தயாரிப்பிலேயே கோளாறு என்றால் கதை வேறு.

2007 ஆகஸ்டில் நோக்கியா, பிஎல்-5சி பேட்டரிகளைப் பற்றி ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. 1100, 6600 மாடல்களில் இருந்த அதே பேட்டரி. 2005 டிசம்பர் முதல் 2006 நவம்பர் வரை மட்சுஷிட்டா நிறுவனம் தயாரித்த 4.6 கோடி பேட்டரிகள் சார்ஜ் ஆகும்போது அதிகமாகச் சூடாகலாம் என்றது. பேட்டரியின் பின்னால் இருக்கும் 26 இலக்க எண்ணைச் சரிபார்த்து, அந்தத் தொகுதியைச் சேர்ந்தது என்றால் இலவசமாக மாற்றித் தந்தார்கள். அங்கே கணக்கு தயாரிப்புத் தேதிதான், வாரண்டித் தேதி இல்லை.

2016 நவம்பரில் ஐபோன் 6எஸ் திடீர் திடீரென அணைந்தபோதும் இதே கதைதான். 2015 செப்டம்பர், அக்டோபரில் தயாரான ஒரு பகுதி போன்களுக்கு இலவச பேட்டரி. ஏற்கெனவே காசு கட்டி மாற்றியவர்களும் பணத்தைத் திருப்பிக் கேட்க முடிந்தது. 2025 ஜனவரியில், விற்பனைக்கு வந்து நாலு வருஷம் தாண்டிய பிக்சல் 4ஏ-வுக்கு கூகுள் இலவச பேட்டரி மாற்றம் அறிவித்தது.

ஆக, செய்ய வேண்டியது இதுதான்:

1. கம்பெனியின் வெப்சைட்டில் உங்கள் மாடலுக்கு பேட்டரி மாற்றுத் திட்டம் இருக்கான்னு பாருங்க. ஐஎம்இஐ எண் தெரியாவிட்டால் *#06# அழுத்துங்க.

2. இல்லையென்றால் பில், போட்டோ, வாங்கிய தேதி எல்லாம் சேர்த்து மெயில் அனுப்புங்க. கவுண்டரில் வாயால் சொன்னதற்குச் சாட்சி கிடையாது.

3. பதில் சரியில்லையா? தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலேயே பேசலாம்.

4. கடைசி வழி, மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பிரச்சினை எழுந்ததிலிருந்து 2 வருஷத்துக்குள் புகார் தரலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. ஆனால் குறைபாடு தயாரிப்பில்தான் என்று நாமதான் காட்டணும். அதனால் சர்வீஸ் சென்டரில் பரிசோதனை ரிப்போர்ட்டை எழுத்தில் கேட்டு வாங்குங்க.

வெளியே மாற்றுவதாக இருந்தால், பேட்டரியில் பிஐஎஸ் முத்திரையும் 'ஆர்' என்று தொடங்கும் பதிவு எண்ணும் இருக்கான்னு பார்த்து வாங்குங்க. பழையதைக் குப்பையில் போடாதீங்க, கடையிலேயே கொடுத்துடுங்க. பேட்டரிக் கழிவைத் திரும்பப் பெறுவது தயாரிப்பாளர் பொறுப்பு என்கின்றன 2022 விதிகள்.

என் கதைக்கு வருவோம். மெயில் போட்டு, 1915-லும் பதிவு பண்ணினேன். பன்னிரண்டு நாளில் கூப்பிட்டார்கள்; பேட்டரி இலவசம், மாற்றுக் கூலி 300 ரூபாய் மட்டும். கைகொடுத்தது அந்த பில்தான். உங்க பில் எங்கே இருக்கு? இப்பவே ஒரு போட்டோ எடுத்து வைங்க.