செங்கொடி ஊரில் லெ பென் கொடி பறப்பது எப்படி?

வட பிரான்ஸில் எனென்-போமோன் என்று ஓர் ஊர். மக்கள்தொகை சுமார் 26,000. ஊரைச் சுற்றிக் குன்றுகள்போலத் தெரிபவை, நிலக்கரிச் சுரங்கங்களிலிருந்து கொட்டப்பட்ட கழிவுமண். போலந்திலிருந்தும் இத்தாலியிலிருந்தும் பிழைக்க வந்தவர்கள் கரி வெட்டிய பூமி இது. தலைமுறை தலைமுறையாக இடதுசாரிகளுக்குத்தான் ஓட்டு!

அந்த ஊர்தான் இன்று தீவிர வலதுசாரித் தலைவர் மரீன் லெ பென்னின் கோட்டை.

ஒரே நாளில் நடந்ததல்ல இது. 1990-ல் அந்தப் பகுதியின் கடைசிச் சுரங்கத்தை மூடினார்கள். 2003-ல் பக்கத்திலிருந்த ஈய, துத்தநாக ஆலையும் மூடப்பட, 800-க்கும் மேற்பட்டோர் தெருவுக்கு வந்தார்கள். சரி, நகராட்சியாவது துணை நின்றதா என்றால், சோஷலிஸ்ட் மேயர் 2009-ல் ஊழல் வழக்கில் கைதானார். வேலையும் போய், நம்பிய கட்சியும் கைவிட்ட ஊரில் கடை விரிப்பது யாருக்கும் சுலபம்தானே? லெ பென் 2007-லிருந்தே அங்கே வீடு வீடாக ஏறி இறங்கினார். 2012 நாடாளுமன்றத் தேர்தலில் வெறும் 118 ஓட்டில் தோற்றார். 2014-ல் மேயர் பதவி அவர் கட்சிக்கு, 2017-ல் எம்.பி பதவி அவருக்கு. 2024-ல் முதல் சுற்றிலேயே ஜெயித்துவிட்டார்.

இவரின் அப்பா ஜான்-மரி லெ பென் 1972-ல் தொடங்கிய கட்சி இது. நாஜிகளின் விஷவாயு அறைகளை, வரலாற்றில் ஒரு சின்ன விவரம் என்று சொன்ன மனிதர் அவர். 2002-ல் அதிபர் தேர்தலின் இறுதிச் சுற்றுக்கு அவர் வந்தபோது நாடே அதிர்ந்தது. எதிர்த்து நின்ற ஷிராக்குக்கு 82 சதவிகித ஓட்டு! மகள் வந்தார். அப்பாவையே 2015-ல் கட்சியைவிட்டு நீக்கினார். 2018-ல் கட்சியின் பெயரையும் மாற்றினார். 2022 இறுதிச் சுற்றில் அவருக்குக் கிடைத்தது 41 சதவிகிதம்.

பெயர் மாறியது, பேச்சு மென்மையானது. கொள்கை மாறியதா? வேலை, அரசு வீடு, உதவித்தொகை எல்லாவற்றிலும் பிரெஞ்சுக் குடிமக்களுக்கே முன்னுரிமை என்பதை இன்றும் விடவில்லை. பிரான்ஸில் பிறந்த வெளிநாட்டவர் பிள்ளைகளுக்கு, 18 வயதில் நிபந்தனைகளோடு குடியுரிமை கிடைக்கிறது. அதை ரத்து செய்வோம் என்கிறது கட்சி. பாரிஸ் லா ஷப்பல் பகுதியில் கடை நடத்தும் ஈழத்தமிழர் குடும்பங்களுக்கு இது வெறும் செய்தியல்ல, வீட்டுக்குள் பேசப்படும் கவலை.

2024 ஜூலையில் ஆட்சி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. இடதுசாரிகளும் மக்ரோன் தரப்பும் 200-க்கும் மேற்பட்ட தொகுதிகளில் ஒருவருக்காக ஒருவர் விலகிக்கொண்டதால், லெ பென் கூட்டணி 143 இடங்களோடு மூன்றாமிடத்துக்குப் போனது. தனிக்கட்சியாகப் பார்த்தால், சபையில் பெரிய கட்சி அதுதான்.

2025 மார்ச்சில் ஐரோப்பிய நாடாளுமன்ற நிதியைக் கட்சி வேலைக்குத் திருப்பிய வழக்கில், தேர்தலில் நிற்க அவருக்கு ஐந்து ஆண்டு தடை விதிக்கப்பட்டது. மேல்முறையீடு செய்தார். தன்னால் முடியாவிட்டால் 2027 அதிபர் தேர்தலில் ஜோர்டன் பர்தெல்லா நிற்பார் என்றும் அறிவித்தார். 1995-ல் பிறந்த இந்த டிக்டாக் நாயகனின் தாய், இத்தாலியிலிருந்து பிரான்ஸில் குடியேறியவர்!