ஆறு இலக்கக் குறியீட்டை யார் கேட்டாலும் கொடாதீர்கள்

இடம்பெயர்ந்து வந்த இடத்தில் மிளகாய்த்தூள், முட்டை, ஒடியல் என்று சிறு வியாபாரம் தொடங்கிய எம்மில் பலருக்குக் கடை என்பது கைத்தொலைபேசிதான். ஓடர் வருவதும் வாட்ஸ்அப்பில். இந்தக் கடையில் களவெடுக்கப் பூட்டு உடைக்கத் தேவையில்லை.

கள்வன் உங்கள் தொலைபேசி இலக்கத்தைத் தனது வாட்ஸ்அப்பில் பதிகிறான். உடனே உங்களுக்குக் குறுஞ்செய்தியில் ஆறு இலக்கக் குறியீடு ஒன்று வரும். "தவறுதலாக உங்களுக்கு வந்துவிட்டது, அனுப்பிவிடுங்கோ" என்று கேட்பான். தெரிந்தவரின் பெயரிலிருந்தே கேட்கக்கூடும். அவருடைய கணக்கு முதலே பறிபோயிருக்கும். கொடுத்தால் உங்கள் கணக்கு அவன் கைக்குப் போய்விடும். பிறகு உங்கள் பெயரில் வாடிக்கையாளரிடம் முற்பணம் கேட்பான். புதிய ஊரில் நாம் பாடுபட்டுத் தேடிய நல்ல பெயர் அதோடு போய்விடும். வங்கி அனுப்பும் குறியீட்டையும் எவருக்கும் சொல்ல வேண்டாம். வங்கி ஊழியர் அதைக் கேட்கமாட்டார்.

வாட்ஸ்அப் அமைப்புகளில், கணக்கு என்ற பகுதியில், இரு படிச் சரிபார்ப்பு உண்டு. அங்கே நீங்களே ஆறு இலக்க இரகசிய எண் ஒன்றை வைத்துவிட்டால் குறுஞ்செய்திக் குறியீடு மட்டும் கள்வனுக்குப் போதாது. பிறந்த திகதியை மட்டும் வைக்க வேண்டாம்!

கணக்குப் பறிபோனால் தாமதியாமல் உங்கள் இலக்கத்தை மறுபடி பதியுங்கள். புதிதாக வரும் குறியீட்டை இட்டதும் கள்வன் வெளியேற்றப்படுவான். அவன் இரகசிய எண் வைத்திருந்தால் நீங்கள் உள்ளே போக 7 நாள் காத்திருக்க நேரும். அதுவரை வாடிக்கையாளருக்குக் கோல் எடுத்துச் சொல்லுங்கள். அதற்காக அவர்களின் இலக்கங்களை இன்றே ஒரு கொப்பியிலும் எழுதி வையுங்கள்.