ரேஸில் வெல்ல ஒரு கணக்கு உண்டா?



அஸர் தொழுகை முடிந்து, இராச் சாப்பாட்டுக்கு நீங்கள் தேங்காய் துருவிக் கொண்டிருக்கும் நேரம். வேலையால் வந்த கணவர் ஒரு பிளேன்டீயைக் குடித்துவிட்டு, "டவுனுக்குப் போயிட்டு வாறன்" என்று புறப்படுகிறார். திரும்பும்போது இஷாவும் முடிந்துவிடுகிறது. மறுநாள் அவரது சட்டையைக் கழுவ எடுக்கிறீர்கள். பைக்குள் ஒரு துண்டு. அதில் புரியாத ஆங்கிலப் பெயர்கள், பக்கத்தில் பேனையால் எழுதிய இலக்கங்கள். அவை குதிரைகளின் பெயர்கள் என்பது உங்களுக்கு விளங்க அதிக நேரம் ஆகாது.

"இது ஹராம் என்று தெரியாதா?" என்று கேட்கிறீர்கள். அவருக்குத் தெரியும். சிறுவயதில் மத்ரஸாவிலேயே படித்ததுதான். ஆனால் அவர் சொல்லும் பதில் வேறு. "நான் கண்ணை மூடிக்கொண்டு வைக்கல்ல. இதுக்கு ஒரு கணக்கு இருக்கு. உனக்கு விளங்காது."

இப்படி ஒரு வீடு உங்கள் தெருவிலும் இருக்கலாம். கணவருக்குப் பதிலாக மகனாகவோ தம்பியாகவோ அவர் இருக்கலாம். "உனக்கு விளங்காது" என்ற அந்த ஒரு வார்த்தைக்காகவே இந்தக் கட்டுரை. அந்தக் கணக்கு நமக்கு நன்றாக விளங்கும். சீட்டுக் காசைக் கணக்குப் பார்க்கத் தெரிந்த எந்தப் பெண்ணுக்கும் இது விளங்கும்.

எங்கோ ஓடும் குதிரை

கொழும்பு கறுவாத் தோட்டத்தில் 1893ஆம் ஆண்டு ரேஸ்கோர்ஸ் திறக்கப்பட்டது. 1950களின் நடுப்பகுதியில் அங்கே குதிரை ஓட்டம் நின்றுபோனது. இன்று நம் நாட்டில் பெயர் சொல்லக்கூடிய குதிரை ஓட்டம் நுவரெலியாவில் நடைபெறுவதுதான். ஆனால் பந்தயம் கட்டுவது நிற்கவில்லை. நமது நகரங்களிலுள்ள "புக்கி"க் கடைகளில் காசு வைப்பது பெரும்பாலும் பிரித்தானியாவில் ஓடும் குதிரைகளுக்கே. அங்கே பகல் சாப்பாடு முடிந்து ரேஸ் தொடங்கும்போது இங்கே மாலையாகிவிடும். வேலை விட்டு வருகின்ற ஆண்கள் அந்தக் கடைகளில் கூடுவதற்குக் காரணம் இந்த நேர வித்தியாசம்தான்.

சகோதரிகளே, ஒன்றைக் கவனியுங்கள். தன் வாழ்நாளில் கண்ணால் காணாத குதிரை, கால் வைக்காத மைதானம், பெயரையே சரியாக உச்சரிக்க முடியாத ஜொக்கி. இவற்றைப் பற்றித் தனக்கு ஒரு "கணக்கு" தெரியும் என்றுதான் அவர் நம்புகிறார்.

கடைக்காரரின் கணக்கு

முதலில் புக்கியின் கணக்கைப் பார்ப்போம். இலகுவாக விளங்க கிரிக்கெட்டையே எடுத்துக்கொள்வோம். சம பலமுள்ள இரண்டு அணிகள் விளையாடுகின்றன. எது வென்றாலும் 100 ரூபாவுக்கு 190 ரூபா தருவதாகப் புக்கி சொல்கிறார். ஒருவர் இந்த அணிக்கு 100 ரூபாவும், இன்னொருவர் அந்த அணிக்கு 100 ரூபாவும் வைக்கிறார்கள். புக்கியின் கையில் 200 ரூபா. யார் வென்றாலும் அவர் கொடுப்பது 190. மிச்சம் 10 ரூபா அவருக்கு. அதாவது வைத்த காசில் நூற்றுக்கு ஐந்து, ஆட்டம் தொடங்கு முன்பே அவருக்குச் சொந்தமாகிவிட்டது. எந்த அணி வெல்லும் என்று அவர் கவலைப்பட வேண்டியதில்லை.

பல குதிரைகள் ஓடும் ரேஸில் இந்த வெட்டு பொதுவாக இன்னும் கூடும். நூற்றுக்குப் பத்து என்றே வைத்துக்கொள்வோம். ஒருவர் 1,000 ரூபாவோடு போகிறார். கையில் வருவதையெல்லாம் அடுத்த ரேஸுக்கும் அதற்கடுத்த ரேஸுக்கும் வைக்கிறார். பத்து ரேஸ் முடியும்போது சராசரியாக அவரிடம் மிஞ்சுவது சுமார் 350 ரூபா. ஒரு நாள் வெல்வார், ஒரு நாள் முழுதாகத் தோற்பார். ஆனால் மாதக்கணக்கில் கூட்டிப் பார்த்தால் காசு போகும் திசை ஒன்றுதான். "ட்ரிபிள்" என்று மூன்று குதிரைகளைச் சேர்த்து வைத்தாலோ அந்த வெட்டு மூன்று முறை விழுகிறது.

அவர்கள் நம்பும் வழிகள்

"தோற்றால் இரட்டிக்க வேண்டும்." இதுதான் அதிகம் பேர் நம்பும் வழி. 100 ரூபா வைத்துத் தோற்றால் 200, பிறகு 400, பிறகு 800. என்றைக்காவது ஒருநாள் வென்றால் போன காசு அத்தனையும் திரும்பி, மேலதிகமாக 100 ரூபாவும் கிடைக்கும். கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஏழு முறை தொடர்ந்து தோற்றால் போனது எவ்வளவு? 12,700 ரூபா. எட்டாவது முறைக்கு 12,800 ரூபா தேவை. பலரின் கையிருப்பு அங்கேயே முடிந்துவிடும்.

ஏழு முறை தொடர்ந்து தோற்பது நடக்காத காரியமா? வெல்வதும் தோற்பதும் சரிசமமாக இருக்கும் ஆட்டத்தில்கூட, 128 தடவை இப்படி இரட்டிக்கத் தொடங்கினால் சராசரியாக ஒரு தடவை அது நடக்கும். மிகுதி 127 தடவையும் அவர் 100 ரூபாப்படி வென்றது 12,700 ரூபா. அந்த ஒரு தடவையில் இழந்ததும் அதே 12,700 ரூபா. கடைசியில் கையில் பூச்சியம். இதுவும் புக்கி ஒரு சதமும் எடுக்காவிட்டால்தான். அவரது வெட்டையும் கழித்தால் நட்டம் தவிர வேறில்லை.

"எல்லாரும் நம்பும் குதிரைக்கு வைத்தால் தப்பாது." எல்லாரும் நம்பும் குதிரை வெல்வது ஏறத்தாழ மூன்று ரேஸில் ஒன்றுதான். மூன்று ரேஸுக்கு 300 ரூபா வைத்தால், வெல்லும் அந்த ஒரு ரேஸில் 300 ரூபா கிடைத்தால்தான் போட்ட காசாவது திரும்பும். புக்கி தரும் விலையோ பொதுவாக அதற்குக் குறைவாகத்தான் இருக்கும். சரி, யாரும் நம்பாத குதிரைக்கு வைத்தால் பெருந்தொகை கிடைக்காதா? அதில் நட்டம் இன்னும் கூடுதல் என்று 1949ஆம் ஆண்டு முதல் ஆய்வாளர்கள் எடுத்துக் காட்டி வந்திருக்கிறார்கள்.

"இத்தனை நாள் தோற்றுவிட்டேன், இனி வரத்தான் வேண்டும்." நேற்று இவர் தோற்றது இன்று ஓடும் குதிரைக்குத் தெரியாது. இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

"ஒரு ஆள் சரியான டிப்ஸ் தருகிறார்." இது இப்போது வட்ஸ்அப்பிலும் வருகிறது. இந்த ஏமாற்று எப்படி நடக்கும் என்பதைப் பாருங்கள். ஒருவர் 1,600 பேருக்குத் தகவல் அனுப்புகிறார். பாதிப் பேருக்கு ஓர் அணி வெல்லும் என்றும், மறுபாதிக்கு மற்ற அணி வெல்லும் என்றும் எழுதுகிறார். சரியாக வந்த 800 பேரை மட்டும் வைத்துக்கொண்டு அடுத்த ஆட்டத்துக்கும் அவ்வாறே செய்கிறார். நான்கு ஆட்டம் முடியும்போது 100 பேர் மிஞ்சுவார்கள். அந்த 100 பேரின் கண்ணுக்கு அவர் நான்கு முறையும் பிழைக்காமல் சொன்ன மேதை. ஐந்தாவது தகவலுக்கு அவர் காசு கேட்பார். கொடுக்கவும் ஆள் இருக்கும்.

போதாக்குறைக்கு, ஆட்டமே நேர்மையானதுதானா என்ற கேள்வியும் உண்டு. 2010இல் லோர்ட்ஸ் டெஸ்ட் போட்டியில் வேண்டுமென்றே நோபோல் வீசச் செய்ததற்காக பாகிஸ்தான் வீரர்கள் மூவர் 2011இல் லண்டனில் சிறைத் தண்டனை பெற்றார்கள். நமது பாராளுமன்றமும் 2019இல் விளையாட்டுச் சூதுக்கு எதிராகத் தனிச் சட்டம் நிறைவேற்றியது. பத்து வருடம் வரை சிறை வைக்கலாம்.

வென்றவர்களே இல்லையா?

நேர்மையாகச் சொல்வதென்றால், இருக்கிறார்கள். பில் பென்டர் என்ற அமெரிக்கர் 1980களில் ஹொங்கொங்குக்குப் போய், ஒவ்வொரு குதிரையின் பழைய ஓட்டங்களையும் கணினியில் பதிந்து, பெருந்தொகை முதலீட்டுடன் பல வருடம் உழைத்துப் பெரும் பணம் சேர்த்தார். தன் முறையைப் பற்றி 1994இல் ஆய்வுக் கட்டுரையும் எழுதினார். அது ஒரு தொழிற்சாலை நடத்துவது போன்ற வேலை. கடை வாசலில் நின்றுகொண்டு துண்டில் கிறுக்கும் வேலையல்ல. பிரித்தானியாவில் தொடர்ந்து வெல்பவர்களைக் கண்டுகொண்டால் பந்தய நிறுவனங்கள் அவர்கள் வைக்கக்கூடிய தொகையையே குறைத்துவிடுகின்றன. தொடர்ந்து வெல்பவருக்குக் கடை கதவைச் சாத்துகிறது.

பந்தயத்தில் எவ்வளவு வைக்கலாம் என்பதற்கு 1956இல் ஜோன் கெலி என்ற விஞ்ஞானி ஒரு சூத்திரம் எழுதினார். தேர்ந்த பந்தயக்காரர்கள் பயன்படுத்துவது அதைத்தான். கிடைக்கும் விலை உங்களுக்குச் சாதகமாக இல்லையென்றால் அந்தச் சூத்திரம் தரும் விடை ஒன்றே. வைக்க வேண்டிய தொகை பூச்சியம்!

மார்க்கம் தடுத்தது எதை?

குதிரை ஓட்டத்தை இஸ்லாம் தடுக்கவில்லை. நபி (ஸல்) அவர்கள் மதீனாவில் குதிரை ஓட்டப் போட்டிகளை நடத்தியதை இப்னு உமர் (ரலி) அவர்கள் அறிவித்த ஹதீஸ் புகாரியில் உள்ளது. தடுக்கப்பட்டது, ஒருவர் இழந்தால்தான் மற்றவர் பெறலாம் என்ற சூது. சூரா அல்மாயிதாவின் 90ஆம், 91ஆம் வசனங்கள் அதனை மதுவோடு சேர்த்தே விலக்குகின்றன. பகைமையும் குரோதமும் அதனால் வரும் என்றும், அல்லாஹ்வின் நினைவையும் தொழுகையையும் விட்டு அது தடுத்துவிடும் என்றும் காரணமும் சொல்லப்படுகிறது. அஸரிலிருந்து இஷா வரை கடை வாசலில் நிற்பவரின் வீட்டாருக்கு இதன் பொருளை யாரும் விளக்க வேண்டியதில்லை. சூரா அல்பகராவின் 219ஆம் வசனமோ, அவற்றில் மனிதருக்குச் சில பயன்கள் உண்டென்பதை ஒப்புக்கொண்டே, பாவம் பயனைவிடப் பெரியது என்கிறது. அங்கும் இலாப நட்டக் கணக்குப் பார்க்கப்பட்டிருப்பதைக் கவனியுங்கள். கடை வரி கட்டுகிறது, சட்டப்படி நடக்கிறது என்பதால் ஹராம் ஹலாலாகிவிடாது.

நீங்கள் என்ன செய்யலாம்?

முதலாவது, சண்டைக்கு முன் ஒரு கொப்பியை எடுங்கள். அவர் அமைதியாக இருக்கும் ஒரு நேரத்தில், "உங்கள் கணக்கு சரிதான் என்றால் எழுதிக் காட்டுங்கள்" என்று சொல்லுங்கள். "வையுங்கள்" என்பதல்ல இதன் பொருள். இதுவரை போனதையும் வந்ததையும் ஞாபகமுள்ள அளவுக்கு இரண்டு வரிசையில் எழுதச் சொல்லுங்கள். சூதாடுபவர் வென்ற நாளை ஊருக்கெல்லாம் சொல்வார், தோற்ற நாள்களை மறந்துபோவார். கொப்பி மறக்காது.

இரண்டாவது, உங்கள் நகையைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள். மஹர் உங்களுடைய சொத்து. "ஒரு கிழமையில் மீட்டுத் தாறன்" என்ற வாக்குறுதிக்காக அடகுக் கடைத் துண்டில் கையெழுத்து வைக்காதீர்கள். பிள்ளைகளின் படிப்புக் காசும் வீட்டு வாடகையும் சம்பள நாளிலேயே உங்கள் கைக்கு வரும் ஓர் ஏற்பாட்டைச் செய்யுங்கள்.

மூன்றாவது, கடனை மறைத்து மறைத்து அடைக்காதீர்கள். மாமிக்குத் தெரியக்கூடாது, வாப்பாவுக்குத் தெரியக்கூடாது என்று சீட்டுக் காசிலிருந்து நீங்கள் அடைத்தால், அவருக்கு இன்னொரு முறை வைக்க வழி பிறக்கிறது. அவர் மதிக்கும் ஒரு நானாவையோ மாமாவையோ நம்பிக்கையாகக் கூப்பிட்டுப் பேசுங்கள்.

நான்காவது, விட நினைத்தும் அவரால் விட முடியவில்லையென்றால் அதை ஒரு நோயாகவும் பாருங்கள். பொய் சொல்லிக் கடன் வாங்குவது, போன காசைப் பிடிக்க மேலும் வைப்பது, வைக்காத நாளில் எரிந்து விழுவது, இரவில் கைத்தொலைபேசியை மறைத்து வைப்பது ஆகியன அதன் அடையாளங்கள். அமெரிக்க மனநல வைத்தியர் சங்கம் 2013இல் சூதாட்ட நோயைப் போதைப் பழக்கங்களோடு சேர்த்து வகைப்படுத்தியது. 2022இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலிலும் அது இருக்கிறது. இதற்கு வைத்தியம் உண்டு. அரசாங்க வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குப் போகலாம். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு அழைத்துப் பேசலாம். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மறைப்பதில்தான் ஆபத்து.

மகன்மார் உள்ள தாய்மாருக்கும் ஒரு வார்த்தை. இப்போது புக்கிக் கடை தெருமுனையில் மட்டும் இல்லை. பிள்ளையின் சட்டைப் பையிலிருக்கும் தொலைபேசிக்குள்ளும் இருக்கிறது. "கிரிக்கெட் பார்க்கிறேன் உம்மா" என்று அவன் சொல்லும்போது, அடிக்கடி முகம் மாறுகிறதா என்றும் பாருங்கள். 190 ரூபாக் கணக்கை இன்றிரவே அவனுக்குச் சொல்லிக் கொடுங்கள். பத்து நிமிடம் போதும்.

அடுத்த முறை "உனக்கு விளங்காது" என்று யாராவது சொன்னால், ஒரு பேனையும் கடதாசியும் கொண்டுபோய் அவர் முன்னால் வையுங்கள். 128 தடவையையும் 12,700 ரூபாவையும் மெதுவாக எழுதிக் காட்டுங்கள். ஹராம் என்ற சொல்லுக்குச் செவிசாய்க்காதவர், தன் கணக்குப் பிழைத்ததைக் கண்ணால் கண்ட பிறகாவது அந்தச் சொல்லுக்குத் திரும்பி வரக்கூடும். உழைத்த காசு கொஞ்சமானாலும் அதில் பரக்கத் உண்டு. அந்தக் காசு வீட்டு வாசலைத் தாண்டி உள்ளே வர அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள் புரிவானாக. ஆமீன்.